எந்த ஐகோ

கடைசியாக அந்தக் கறுப்பு உள்சட்டை மட்டும் பாக்கி. மேல்கோட்டு, கம்பளிச்சட்டை, அதற்கடியில் போட்டிருந்த முழுக்கை பனியன், ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்த காலுறைகள் எல்லாம் லாக்கருக்குள் போய்விட்டன. கோமதி லாக்கரின் தகரக் கதவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றாள். கதவு இடுப்புக்கு மேலேதான் மறைத்தது. அவளுக்கு மறைக்க வேண்டியதும் இடுப்புக்கு மேலேதான் என்பதால் அதுவே போதும் என்று முதலில் பட்டது. கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குளிக்கவா முடியும் என்று அடுத்த நொடி பட்டது. பக்கத்தில் மியங்சுக் இமோ பிறந்த மேனியாக நின்று தலைமுடியைச் சுருட்டிக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள், வீட்டுச் சமையலறையில் நிற்பது போல அவ்வளவு சாதாரணமாக. இமோ என்றால் இங்கே சித்தி. வந்த முதல் நாளே தன் நெஞ்சைத் தட்டித் தட்டி "இமோ, இமோ" என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். கோமதி என்கிற பெயர்தான் அவள் வாயில் நிற்கவில்லை, கோமா என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு இவர்கள் பாஷையில் பொடிசு என்று அர்த்தமாம். இமோவின் மகள் ஹாயுன், சியோலில் வேலை பார்ப்பவள், போனில் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். சங்கரன்கோவிலில் நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோய், கடற்பாசி ஆராய்ச்சி என்று ஒரு வருஷத்துக்கு இந்தக் குன்சான் துறைமுகத்துக்கு வந்து, விடுதியில் இடமில்லை என்று பல்கலைக்கழகம் காட்டிய வீட்டில் பெட்டியை இறக்கியவள், அந்த வீட்டுக்குப் பொடிசாகிவிட்டாள்.

"கோமா-யா," என்றாள் இமோ, உள்சட்டையின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்து. கழற்று என்பதற்குத் தனியாக வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் குழாய் உறைந்துபோனதுதான் வினை. முந்தாநாளிலிருந்து ஒரு சொட்டு இல்லை. இமோவின் கணவர், அதிகம் பேசாத மனிதர், குழாயைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டி, தலை காயவைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு அரைநாள் குந்தியிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. வருஷப்பிறப்பும் நெருங்குகிறது. பண்டிகைக்கு முன்னால் பொதுக் குளியல் கூடத்தில் போய் உடம்பை ஊறவைத்துத் தேய்த்துக் குளிப்பது இங்கே வழக்கம் போல, நம்மூர் தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி. காலையில் இமோ பிளாஸ்டிக் கூடையில் ஷாம்புவும் துண்டும் எடுத்து வைத்து "மொக்யோக்" என்றபோது, குளியல் என்று புரிந்தது. தனித்தனி அறையாக இருக்கும், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கோமதி வண்டியில் ஏறினாள். நினைத்தாளா, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினாளா? ஹாயுன் ஒரு தடவை சொல்லியிருக்கிறாளே, எல்லாரும் ஒன்றாக, உடம்பில் நூல் இல்லாமல் என்று. அதைக் கேட்டுச் சிரித்ததுகூட ஞாபகமிருக்கிறது. அப்போ தெரிந்துதான் வந்தாயா? தலை அரித்தது, வாஸ்தவம். ஆனால் தலையை ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டியில் கழுவியிருக்கலாம், வெந்நீர்கூட வரும். தெரிந்தே ஏன் வந்து நிற்கிறாய்? யாராவது ஒருத்தர் பார்த்துத் தொலைக்கட்டும் என்றா? எத்தனை காலத்துக்குத்தான் என்றா? ச்சீ, அப்படியெல்லாம் இல்லை. குழாய் உறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

உள்சட்டையைத் தலைவழியாக உருவும்போது அம்மாவின் குரல் கூடவே உருவிக்கொண்டு வந்தது. ஏட்டி, கழுத்த இழுத்து மூடு. இடது தோளில் ஆரம்பித்து முதுகில் பாதி தூரம் இறங்கியிருக்கிற வெள்ளைத் திட்டு, காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று. வெண்புள்ளி. டாக்டர் அப்படித்தான் சொல்லச் சொன்னார், தொற்றாது, நோயே இல்லை, தோலுக்கு நிறம் கொடுக்கிற சமாச்சாரம் அந்த இடத்தில் வேலைநிறுத்தம் பண்ணுகிறது, அவ்வளவுதான் என்று வேடிக்கையாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் அதைக் குஷ்டம் என்ற சொல்லோடு சேர்த்துக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். முகத்துக்கு வரவில்லை, கோமதியம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அம்மா ஆடித்தபசுக்குப் போய் விழுந்து எழுந்தாள். பள்ளிக்கூட லீவு முழுக்கக் கார்போகரிசி எண்ணெயைத் தடவி மொட்டைமாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பாள், பக்கத்து மாடியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. எண்ணெயும் வெயிலும் சேர்ந்து கொப்புளம் கிளம்பும். கொப்புளம் ஆறின இடம் சிவந்து, கறுத்து, அம்மா நம்பிக்கையாகிவிடுவாள். மழைக்காலம் வந்ததும் மறுபடி வெளுக்கும். கோமதிக்கு அந்த எண்ணெயின் வாடை இப்போது, இந்தக் கொரிய லாக்கர் அறையில், சோப்பு வாசனைக்கும் ஈரத் துண்டு வாசனைக்கும் நடுவிலிருந்து வந்தது. வருமா? எப்படி வரும்? தன் உடம்பிலிருந்தா? கையைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டாள். இமோ திரும்பிப் பார்த்தாள். கோமதி சின்னத் துண்டைத் தோளில் போட்டு, கையை மார்புக்குக் குறுக்கே கட்டி, சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து புரியாத எல்லாவற்றுக்கும் அவள் கொடுக்கிற பதில் அந்தச் சிரிப்புதான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஆவி முகத்தில் அறைந்தது. ஆவிக்குள் பெண்கள். குழந்தைகளிலிருந்து கிழவிகள் வரை, தொட்டிகளில் கழுத்தளவு முங்கியவர்கள், சின்னச் சின்ன ஸ்டூல்களில் குந்தி முழங்காலைத் தேய்ப்பவர்கள், சளசளவென்று பேச்சு, தண்ணீர்ச் சத்தம், எல்லாம் டைல்ஸ் சுவரில் மோதி ஒரே இரைச்சல். எல்லா உடம்பும் வெளுப்பு. கோமதிக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. இந்தக் கூடத்தில் தன்னுடைய உடம்பில் மறைக்க வேண்டிய இடம் மட்டும்தான் மற்றவர்கள் நிறத்தில் இருக்கிறது. மறைக்காத இடம்தான் வேறாக இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? ஹாயுனிடமா? அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது. ஓம்ஜி அனாயோ. தொற்றாது. வீட்டில் யாராவது தற்செயலாகப் பார்த்துவிட்டால் என்று போனில் தேடி எடுத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகியது. ஓம்ஜி அனாயோ. இத்தனை நாளில் ஒரு தடவை வெளியே எடுக்கவில்லை. ஓம்ஜி, ஓம்ஜி. இமோ ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதைத் தட்டி உட்காரச் சொன்னாள். கோமதி உட்கார்ந்தாள். தோளில் கிடந்த துண்டு நனைந்து கனத்துச் சரிந்தது. பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிட்டது.

"ஐகோ," என்றாள் இமோ.

அவ்வளவுதான். அப்புறம் கூடையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து ஆவிக்குள் போய்விட்டாள்.

எந்த ஐகோ அது? ஐகோ என்றால் ஐயோதான், முதல் வாரமே கோமதி கண்டுபிடித்துவிட்டாள், அதனாலேயே இந்த வீடு அவளுக்கு அந்நியமாகப் படவில்லை. தரையிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஐகோ. டிவியில் மருமகள் அழுதால் ஒன்று. கணவர் சூப்பைச் சட்டையில் ஊற்றிக்கொண்டால் ஒன்று, அதில் பல்லைக் கடிப்பதும் கேட்கும். பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைப் பார்த்தால் குழைந்து நீளும், ஐகோஓஓ. கோமதி முதன்முதலாகக் குச்சியில் நூடுல்ஸை நழுவவிடாமல் தூக்கிய அன்றைக்கு, கைதட்டலோடு ஒன்று. அம்மாவின் ஐயோக்களும் அப்படித்தானே, அய்யோ என் தங்கமே என்பதும் அய்யோ போச்சே என்பதும் ஒரே வாயிலிருந்து வரும், ஆனால் அம்மாவின் ஐயோவை அவள் தூக்கத்திலும் பிரித்துச் சொல்லிவிடுவாள். இது எது? குட்டையாக இருந்தது. நீளவில்லை. குழையவில்லை. நீண்டதோ என்னவோ, இரைச்சலில் வால் பகுதி கேட்கவில்லை, வால் பகுதியில்தான் எல்லாமே இருக்கிறது. முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முகத்தை ஏன் பார்க்கவில்லை? துண்டைப் பொறுக்கக் குனிந்திருந்தாய். குனிந்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் முதுகு முழுக்க. ஐயோ பாவமா, ஐயோ அசிங்கமா, ஐயோ இதையா இத்தனை மாதம் வீட்டில் வைத்திருந்தோம் என்பதா. கோமதி துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு குழாயைத் திருகினாள். தண்ணீர் கொதித்தது. திருப்பினாள், ஜில்லென்று அடித்தது. திருப்பிக்கொண்டே இருந்தாள்.

ஆவி கொஞ்சம் விலகியபோது இமோ தெரிந்தாள். கூடத்தின் மறுகோடியில் ரப்பர் விரித்த மேஜைகள் இருந்தன, அங்கே வருகிறவர்களைப் படுக்கவைத்து உடம்பு தேய்த்துவிடும் பெண் ஒருத்தி கறுப்பு உள்ளாடையோடு நின்றாள், இந்தக் கூடத்தில் துணி உடுத்திய ஒரே ஆள், அதனாலேயே ஏதோ அதிகாரி மாதிரி இருந்தாள். இமோ அவளிடம் பேசினாள். பேசிக்கொண்டே கையைத் தூக்கித் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் எட்டிக் கோமதியைப் பார்த்தாள். முடிந்தது. வெளியே போகச் சொல்வார்கள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவுவார்கள், அத்தனை பெண்களும் எழுந்து நின்று பார்ப்பார்கள், பண்டிகை நெருங்குகிற நேரமும் அதுவுமாக. வண்டியில் எங்கே உட்காருவது, முன்னாலா பின்னாலா? இமோவின் கணவர் சாயங்காலமானால் பேரிக்காயைத் தோல் சீவித் துண்டு போட்டு, முதல் துண்டை முள்கரண்டியில் குத்தி ஒன்றும் பேசாமல் அவளிடம் நீட்டுவார். அவளுக்கு அடுத்ததுதான் இமோவுக்கு. இனிமேல் அந்த முள்கரண்டியை என்ன செய்வார்கள்? அதை யோசிக்காதே. இமோ சாப்பிடும்போது கீரையில் மீனை வைத்துச் சுருட்டி அவள் வாயிலேயே ஊட்டிவிடுவாளே, விரல் உதட்டில் படுமே, அந்த விரலை வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கழுவுவாள்? யோசிக்காதே என்றால் கேட்கிறதா இந்தப் புத்தி. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா பூ வைத்துவிட்டபோது ஜாக்கெட்டின் பின்கழுத்து கொஞ்சம் இறங்கிவிட்டது, பூ பாதி குத்தியும் குத்தாமலும் தொங்கியது. அம்மா முந்திக்கொண்டு, "சின்னப்பிள்ளையில சுடுதண்ணி கொட்டிட்டும்மா, அந்தத் தழும்பு," என்றாள். எவ்வளவு சரளமாக வந்தது. அடுத்த வாரம் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். வெள்ளையாக இருந்ததற்காகக்கூட இல்லை, பொய் சொல்லிட்டீங்களே என்று தட்டைத் திருப்பிவிட்டார்கள். அப்பா கடைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும், சுடுதண்ணியின்னுதான் சொல்லணும், நீ முழிச்ச முழியிலதான் கண்டுபிடிச்சிட்டாவ என்று அவளையே குறை சொன்னாள். எழுந்துவிடு கோமதி. அவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் நீயே எழுந்து போய்விடு. அவள் எழுந்தாள். தரை வழுக்கியது, சுவரைப் பிடித்தாள், லாக்கர் சாவி கட்டிய ரப்பர் வளையம் மணிக்கட்டில் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது.

ஈரக் கை ஒன்று அவள் முழங்கையைப் பிடித்தது. இமோ. இன்னொரு கையில் வெள்ளையாக, மெத்தென்று, குழந்தைகளுக்குத் துடைக்கிற துணி மாதிரி ஒன்று. அந்தக் கறுப்பு உள்ளாடைக்காரியிடம் இதைக் கேட்டு வாங்கத்தான் போயிருக்கிறாள். ஸ்டூலில் உட்காரவைத்தாள். தோள் பக்கம் குனிந்து, திட்டைத் தொடாமல், அதற்கு மேலே விரலை நிறுத்தி, "ஆப்பா?" என்றாள். வலிக்கிறதா. வந்த புதிதில் வாசற்படியில் காலை இடித்துக்கொண்டபோது தெரிந்துகொண்ட வார்த்தை அது. கோமதி விழித்தாள். இமோ துணியை மடியில் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கெட்டிலைக் கையில் தூக்கினாள். அதைத் தன் தோளுக்கு மேலே சாய்த்தாள். ஸ்ஸ்ஸ் என்று பல்லிடுக்கில் காற்றை இழுத்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் கோமதியைக் கேள்வியாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டதா, என் பொடிசே?

கடல் தாண்டி வந்த இடத்தில், தெரியாத பாஷையில், அம்மா சொன்ன அதே பொய் தானாக நடந்து வந்து மடியில் ஏறி உட்கார்ந்தது. சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். நே என்றால் ஆமாம், ஒரே எழுத்து. இங்கே வந்து போட்டுக்கொடுக்கச் சங்கரன்கோவிலிலிருந்து யாரும் வரப்போவதில்லை. இமோ பாவம் என்று தடவிக்கொடுப்பாள், வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்வாள், அவர் பேரிக்காயை இன்னும் மெல்லிசாகச் சீவுவார். எல்லாருக்கும் எவ்வளவு சுலபம். சுடுதண்ணி பட்டவளுக்கு எல்லா ஊரிலும் இடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்பிள்ளை கண் கலங்கி நிற்பது யாருக்காக? கெட்டில் சாய்ந்து அலறிய ஒரு குழந்தைக்காக. அப்படி ஒரு குழந்தை கிடையவே கிடையாது. கிடையாத குழந்தைக்குக் கிடைக்கிற அன்பை வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் இத்தனை மாதம் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? ஒவ்வொரு வாய்க்கும் சுடுதண்ணியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே. நே என்று சொல்லக் கோமதியின் வாய் திறந்தது.

"அனியோ," என்றாள். இல்லை. இமோ தலையைச் சாய்த்தாள். கோமதி கண்ணுக்குத் தெரியாத அந்தக் கெட்டிலைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். அனியோ. தன் தோளைத் தொட்டாள், நிலத்திலிருந்து செடி கிளம்புவது போல விரல்களை விரித்துக் காட்டினாள், தானாக, தானாகவே வந்தது. நெஞ்சைத் தொட்டு, இமோவின் கையைத் தொட்டு, நடுவில் கையை வேகமாக ஆட்டினாள். என்கிட்டேயிருந்து உங்களுக்கு வராது. இமோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாக்கியம்தான் இருக்கிறதே, எடு அதை, இதற்காகத்தானே அத்தனை நாள் தண்ணீரைத் திறந்துவிட்டு. கோமதி மூச்சை இழுத்துச் சத்தமாகச் சொன்னாள்.

"உல்ஜி அனாயோ."

வாயைவிட்டுப் போன பிறகுதான் காதில் விழுந்தது. ஓம்ஜி இல்லை. உல்ஜி. லீவுக்கு வந்திருந்த ஹாயுனோடு உட்கார்ந்து பார்த்த சீரியலில் வந்த வார்த்தை, தொற்றுவதற்குப் பதிலாக அழுவது. நான் அழவில்லை என்று சொல்லியிருக்கிறாள், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. பக்கத்து ஸ்டூல் கிழவி தேய்ப்பதை நிறுத்திப் பார்த்தாள். கோமதி அழவும் இல்லை, அது நிஜம், அதுவரைக்கும். இமோ அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "உரோ, உரோ," என்றாள். அழு, அழு. "கென்ச்சனா." பரவாயில்லை. இல்லை, அது இல்லை, நான் சொல்ல வந்தது அது இல்லை என்று தமிழில் சொல்லிக்கொண்டே கோமதி சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து வேறு சத்தமாக வந்தது. பூ பாதியில் தொங்கிய அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, "ஓம்ஜி. அனாயோ," என்றாள். இமோ நீளமாக ஏதோ சொன்னாள். அந்த நீளத்தில் கோமதிக்குப் பிடிபட்டது "அரா, அரா" மட்டும்தான். தெரியும், தெரியும். என்ன தெரியும்? தொற்றாது என்று தெரியுமா, நீ சொல்ல வருவது தெரியுமா, அழுகிற பிள்ளையிடம் எல்லாரும் சொல்கிற சும்மாத் தெரியுமா? கேட்க வழியில்லை. ஆனால் இமோ அந்த மெத்தென்ற துணியைப் பிழிந்து ஓரமாக வைத்துவிட்டாள். கூடையைத் துழாவி, எல்லாரும் கையில் மாட்டியிருக்கிற அந்தச் சொரசொரப்பான பச்சை உறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். புண் இல்லையென்றால் தேய்க்கலாம் என்பது போல. கோமதியை அப்படியே திருப்பி உட்காரவைத்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள்.

தேய்த்தாள் என்றா சொல்வது? பிடரியிலிருந்து இடுப்பு வரை ரம்பம் போட்டு இழுத்தாள். எது வெள்ளை எது கறுப்பு என்று அந்தக் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்து கவலைப்படவில்லை, வலது தோளில் கொடுத்த அதே அழுத்தம் திட்டிலும். முதுகு எரிந்தது. கோமதிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஒருவேளை இப்படித் தேய்த்தால் போய்விடும் என்று நினைக்கிறாளோ, அம்மா மாதிரி இவளும் ஒரு வைத்தியத்தில் இறங்கிவிட்டாளோ என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டேயிருந்தது. அழுக்கு திரி திரியாக உருண்டு விழுந்தது. இமோ ஒரு திரியை எடுத்து அவள் கண்ணெதிரே ஆட்டிக் காட்டி, பக்கத்துக் கிழவியிடமும் காட்டி, பெருமையாக ஏதோ சொன்னாள். கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். கோமதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் இது அழுக்குக்கான வெட்கம், உலகத்தில் எல்லாருக்கும் உள்ள வெட்கம். இப்படி ஒன்றைப் பட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

அப்புறம் இமோ தண்ணீரை அவள் முதுகில் கொட்டிவிட்டு, பச்சை உறையைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். ஸ்டூலில் அப்படியே சுழன்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இப்போ உன் முறை. கோமதி உறையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள், கை நின்றுவிட்டது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வட்டம் வட்டமாக, டம்ளர் வாய் அகலத்துக்கு, கருஞ்சிவப்பாக, சில ஊதாவாக, ஒரே அளவில் வரிசையாகத் தடங்கள். முதுகுவலிக்குக் கண்ணாடிக் குப்பியை வைத்து உறிஞ்சவிடுகிற வைத்தியம் இங்கே உண்டு, அதன் தடம் அது என்று ஹாயுன் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டாள். இப்போது தெரியாது. இது என்ன வியாதி? தொட்டால் ஒட்டுமோ? அந்தக் கேள்வி அம்மாவின் குரலில் வரவில்லை, சொந்தக்காரர்கள் குரலிலும் வரவில்லை. சுத்தமாக அவளுடைய சொந்தக் குரலில் வந்தது, யோசிப்பதற்கு முன்னாலேயே கையை எட்டிப் பிடித்து நிறுத்தியிருந்தது. கோமதி காற்றில் நிற்கிற தன் கையைப் பார்த்தாள். என்னுடையதா இது? இமோ ஒன்றும் அறியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையைக் குனிந்து, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிறவள் செய்வாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாதது போல அந்த முதுகு இருந்தது. கோமதி பச்சை உறையைக் கழற்றினாள். வெறும் உள்ளங்கையை, இருப்பதிலேயே கறுத்த வட்டத்தின் மேல், முழுசாகப் பதித்து வைத்தாள். சூடாக இருந்தது. அடியில் மூச்சு ஏறி இறங்கியது.

"தோ செகே," என்றாள் இமோ குனிந்தவாக்கிலேயே.

அந்த வார்த்தை கோமதிக்குத் தெரியாது. என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், உறையை மாட்டிக்கொண்டு, "இருங்க இமோ, இந்தா தேய்க்கேன்," என்று அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.